ரைன் கரையில் நமது மிளகு

கொத்மலைப் பக்கத்து லயங்களில் யாருக்காவது தடிமன் பிடித்தால் அடுப்பில் முதலில் ஏறுவது கொத்தமல்லித் தண்ணிதான். வறுத்த கொத்தமல்லி, தட்டிப்போட்ட இஞ்சி, நாலு மிளகு. கோப்பையை நீட்டும்போதே அம்மாயி சொல்லிவிடுவார்: இஞ்சி சூடு, சூட்டு உடம்புக்காரர் அளவோடு குடிக்க வேண்டும். ஏறத்தாழ இதே எச்சரிக்கையை 850 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில், ரைன் நதிக்கரைக் கன்னியர் மடமொன்றின் தலைவி எழுதி வைத்திருக்கிறார். இஞ்சி வெப்பமானது, கொழுத்துத் திடமாக இருப்பவர் தின்றால் புத்தி மழுங்கும், உடல் வற்றித் தளர்ந்தவருக்கு அதுவே நன்மை செய்யும் என்பது அவர் கணிப்பு.

அவர் பெயர் ஹில்டெகார்ட். 1098இல் பிறந்து 1179இல் மறைந்த கத்தோலிக்கத் துறவி. பொலன்னறுவையில் பராக்கிரமபாகு அரசாண்ட காலத்தவர். உலகம் அவரைத் தெய்வீகக் காட்சிகள் கண்ட ஞானியாகவே அறியும். எனக்கு அவர் முதலில் ஊன்றிப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண். செடி, மரம், கல், மீன், பறவை, விலங்கு, உலோகம் எல்லாவற்றின் குணத்தையும் ஒன்பது பகுதிகளாக எழுதினார். ‘பிசிக்கா’ என்ற பெயரில் அந்நூல் 1533இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அச்சேறியது. ரைன் நதி மீன்களையும் மடத்துத் தோட்டத்து மூலிகைகளையும் சொல்லும் அதே நூலில் இஞ்சி, மிளகு, கறுவா, சாதிக்காய், கராம்பு எல்லாம் தனித்தனியே இடம்பெறுகின்றன. இவற்றில் ஒன்றுகூட ஜெர்மன் மண்ணில் விளையாது. மலபார்க் கரையில் மரக்கலம் ஏறிய மிளகு ஏடனைத் தொட்டு, செங்கடல் வழியே எகிப்து போய், அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகரின் கைக்கு மாறி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரைன் கரைக்குப் போக வேண்டும். இந்தப் பக்கக் கடலில் அப்போது ஐந்நூற்றுவர் என்ற தென்னிந்திய வணிகக் குழு கோலோச்சியது. இலங்கையிலும் அவர்கள் பொறித்த கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. நமது நிழல் மரங்களில் படர்ந்திருக்கும் அதே கொடியின் மணிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த அம்மையார் அதன் குணத்தைக் குறித்தார் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் மருத்துவத்தின் அடிப்படை சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற நான்கு குணங்கள். கிரேக்கரிடமிருந்து மடங்களின் வழியே வந்த அறிவு அது. வாதம், பித்தம், கபம் என்று பேசிப் பழகிய நமக்கு அதைப் புரிந்துகொள்ள அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இன்றைய மருத்துவம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. இரத்தினக் கற்களால் நோய் தீர்க்கச் சொல்லும் அவருடைய பக்கங்களை நானும் நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்குக்குள்ளே கவனித்து எழுதிய உண்மைகள் பல உண்டு. ஹொப்ஸ் என்ற கொடியின் பூவைப் பானத்தில் சேர்த்தால் அதன் கசப்பு பானம் கெடாமல் நெடுநாள் காக்கும் என்று எழுதினார். இதை எழுத்தில் பதிந்த மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று. அந்தப் பூவிலுள்ள ஹியூமுலோன் போன்ற கசப்பு அமிலங்கள் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்துப் புளிப்பேறாமல் தடுக்கின்றன என்பதைப் பல நூற்றாண்டு கழித்துத்தான் வேதியியல் கண்டது. இஞ்சியின் காரத்துக்கு இன்று ஜிஞ்சரோல் என்று பெயர். காயவைத்துச் சுக்காக்கும்போது அதில் ஒரு பங்கு ஷோகாவோலாக மாறி இன்னும் காரமேறுகிறது. குமட்டலை அடக்க இஞ்சி உதவுவதற்குச் சோதனைச் சான்றுகளும் உண்டு.

குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் ஹில்டெகார்டைத் திருச்சபைக்கு நேர்ந்துவிட்டார்கள். 1112இல், பதினான்கு வயதில், டிசிபோடன்பெர்க் மடத்தோடு ஒட்டிய அறையில் யூட்டா என்ற துறவியோடு அடைபட்டார். பின்பற்றியது ஆசீர்வாதப்பர் சபையின் ஒழுங்கு. கொத்மலையும் அடங்கும் கண்டி மறைமாவட்டத்தை 1883 முதல் கட்டி எழுப்பிய இத்தாலியத் துறவிகளும் அதே ஒழுங்கின் சில்வெஸ்ட்ரைன் கிளையைச் சேர்ந்தவர்கள்தான். 1136இல் யூட்டா இறந்ததும் ஹில்டெகார்ட் கன்னியருக்குத் தலைவியானார். நாற்பத்திரண்டு வயதில், 1141இல், கண்ட காட்சிகளை எழுதும்படி தமக்குக் கட்டளை வந்ததாகச் சொன்னார். ‘ஸ்கிவியாஸ்’ என்ற அந்த நூலை முடிக்கப் பத்து ஆண்டு பிடித்தது. இடையில் ட்ரியர் நகரில் கூடிய சபையில் பாப்பரசர் மூன்றாம் யூஜினியுஸ் அதன் ஒரு பகுதியைப் படித்துத் தொடர்ந்து எழுத அனுமதித்தார். பெண் பிரசங்கம் செய்வதை நினைத்துப் பார்க்கவும் முடியாத அந்தக் காலத்தில், அறுபது வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்க் குருக்களைக் கண்டித்துப் பேசினார். பேரரசர் பார்பரோசாவையே கடிதத்தில் கடிந்துகொண்டார்.

அந்தக் காட்சிகள் என்ன? ஒளிவிடும் நட்சத்திரங்கள் கூட்டமாக விழுந்து, கடலை நெருங்கும்போது கரியாகிக் கறுத்துப்போவதாக ஒரு காட்சி. வீழ்ந்த வானதூதர்கள் என்று அதற்கு அவர் பொருள் சொன்னார். அறிவியல் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் சிங்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஒற்றைத் தலைவலியின் அறிகுறி என்று வாசித்தார். நரம்பியல் மருத்துவர் ஒலிவர் சாக்ஸும் வழிமொழிந்தார். ஒற்றைத் தலைவலிக்காரர் சிலருக்கு வலி வருமுன் கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி மெல்ல நகரும், பின்னால் ஒரு குருட்டுப் புள்ளி தொடரும். கார்ல் லாஷ்லி என்ற அறிஞர் தமக்கு வந்த கோடுகளையே வரைந்து வைத்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று 1941இல் கணக்கிட்டார். மூன்றே ஆண்டில் பிரேசிலின் அரிஸ்டிடெஸ் லியாவோ முயலின் மூளைப் புறணியில் அப்படி ஊர்ந்து செல்லும் அலையை அளந்து காட்டினார். 

எண்ணூறு ஆண்டுக்கு முன் மறைந்தவருக்கு நோய் சொல்வது ஊகம்தான். அது சரியாகவே இருந்தாலும், ஒற்றைத் தலைவலி கண்டவர் எல்லோரும் ‘ஸ்கிவியாஸ்’ எழுதவில்லை. அலை ஒளியைத் தரலாம். அதற்கு வானமும் கடலும் பொருளும் தந்தது அவருடைய படிப்பும் தவமும்.

மலையகத்தில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அவர் மடத்தில் உயர்குலப் பெண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஆண்டர்நாக் மடத்தலைவி டெங்ஸ்விண்ட், ஆண்டவர் ஏழை மீனவர்களை அல்லவா தேர்ந்தார் என்று கடிதம் எழுதிக் கேட்டார். பலவகைக் கால்நடைகளை யாரும் ஒரே தொழுவத்தில் அடைப்பதில்லை என்று பதில் போனது. துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தப் பதில் குத்தும். கேள்வி கேட்டவரும் ஒரு பெண் துறவிதான் என்பதில் எனக்கு ஆறுதல்.

இரண்டாம் உலகப் போரில் ‘ஸ்கிவியாஸ்’ நூலின் ஓவியச் சுவடி பத்திரமாக இருக்கட்டும் என்று டிரெஸ்டனுக்கு அனுப்பப்பட்டு, 1945இல் காணாமல் போனது. அதற்கு முன்பே, 1927 தொடங்கி, ஐபிங்கன் மடத்துக் கன்னியர் ஆட்டுத்தோலில் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்து வரைந்து முடித்திருந்தார்கள். இன்று நாம் காணும் வண்ணப் படங்கள் அந்தக் கைகள் தந்தவை. அவர் இசையமைத்த எழுபதுக்கு மேற்பட்ட பாடல்கள் 1980களிலிருந்து இசைத்தட்டுகளாக உலகெங்கும் பரவின. 2012இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. அந்தச் சிறப்பைப் பெற்ற நான்காவது பெண் அவர்.

தாவரவியலாளர்கள் 1832இலேயே ஒரு மரப் பேரினத்துக்கு ஹில்டெகார்டியா என்று அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதில் ஓர் இனம் தென்னிந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டுமே வளர்வது. நமது பூட்டன்மார் பலர் புறப்பட்டு வந்த சேலம் பக்கத்துக் கல்வராயன் மலையில் அந்த மரம் நிற்கிறது. அரச இலையின் சாயல், இலை உதிர்ந்த கிளையில் செம்பூக்கள். மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று.