பொன்மலைப் பட்டறையும் யுத்த தளவாடமும்

சமாதானத்துக்கென்று மனிதன் கட்டியதை யுத்தம் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதைத் திருச்சிராப்பள்ளிவாசிகளுக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை. 1752-ம் வருஷத்தில் பிரெஞ்சுப் படையினர் ஸ்ரீரங்கத்துத் திருமதில்களையே கோட்டையாகக் கொண்டு உள்ளே பாளையமிறங்கினர். அரங்கன் பள்ளிகொண்ட தலம் படைவீடாயிற்று. மறு வருஷம் ஜூன் மாதத்தில், ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் மறுபக்கமுமாக ஒரு சிறு பாறைக் குன்றுக்காகப் போரிட்டனர். அந்தக் குன்றுதான் பொன்மலை.

அந்தப் பொன்மலையின் அடியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் தமது பெரிய பட்டறையை நிறுவினர். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1928-ம் வருஷ வாக்கில் இங்கே மாற்றப்பட்டது. வார்ப்படச் சாலை, கொல்லுலை, கடைசல் சாலை, பாய்லர் சாலை, தச்சுச் சாலை என்று தனித்தனிக் கூடங்கள்; அவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு. என்ஜின்களையும் வண்டிகளையும் செப்பனிட்டு, யாத்ரீகனை ராமேசுவரத்துக்கும் நெல்லை வியாபாரியிடத்துக்கும் சேர்ப்பிப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

1939 செப்டம்பர் 3-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார். ஜனப் பிரதிநிதி ஒருவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. அதன் பலனாக அக்டோபர் மாதத்தில் ராஜாஜி மந்திரிசபை ராஜீநாமாச் செய்தது. அதில் அங்கம் வகித்த ஸ்ரீரங்கத்து டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனும் பதவி துறந்து வெளியேறினார். மந்திரிகள் விலகலாம், பட்டறைக்கு விலகும் சுதந்திரம் ஏது? அது கம்பெனியின் சொத்து. கம்பெனியோ சர்க்காரின் கைக்கு அடங்கியது.

ரயில்வேப் பட்டறை யுத்தப் பட்டறையாவது கடினமான காரியமன்று. வண்டி அச்சைக் கடைந்த கடைசல் யந்திரம் குண்டின் கூட்டையும் கடையும். பாய்லர்த் தகட்டை வளைத்து ஆணி அறைந்த கை, கவச வண்டியின் தகட்டையும் அறையும். வேண்டுவதெல்லாம் புதிய அளவுகோலும், தலைமயிரளவு பிசகும் பொறாத கண்ணுமே. யந்திரத்தைக் கப்பலில் தருவிக்கலாம். அந்தக் கண்ணைத் தருவிக்க முடியாது. அது ஒரு தலைமுறைத் தொழிலாளரின் அனுபவச் செல்வம். தேசமெங்கும் பல ரயில்வேப் பட்டறைகள் இவ்வாறு தளவாட உற்பத்திக்குத் திருப்பப்பட்டன. பொன்மலைக்கோ பிரிட்டிஷ் ஆகாயப் படையின் விமானங்களைச் செப்பனிடும் வேலையும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒரு கையால் கொடுத்த வேலைக்கு மறு கையால் விலை வாங்கப்பட்டது. என்ஜின்களும் தண்டவாளங்களும் கடல் கடந்து போயின. 1941-ல் மொரப்பூர்-தர்மபுரி-ஓசூர் பாதையும் திருப்பத்தூர்-கிருஷ்ணகிரிப் பாதையும் மூடப்பட்டன. மதுரை-போடி பாதை 1942-ல் நின்று, சுதந்திரத்துக்குப் பிறகே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ரயிலைச் செப்பனிடப் பிறந்த தொழில் யுத்தத்துக்கு உழைத்துக்கொண்டிருக்க, ரயிலை நம்பிய சிற்றூர்கள் மாட்டு வண்டிக்குத் திரும்பின.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் நோக்குவோம். 1942 பிப்ரவரியில் அங்குள்ள மோட்டார்க் கம்பெனிகள் பிரயாணக் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டன. வில்லோ ரன் என்னுமிடத்தில் ஃபோர்டு கம்பெனியார் கட்டிய சாலையிலிருந்து, உற்பத்தி உச்சத்திலிருந்த 1944-ல், மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் குண்டு வீசும் விமானங்கள் வெளிவந்தன. யுத்தம் முடிந்ததும் அந்தத் தேசத்தின் தொழிற்சாலைகள் முன்னிலும் பெருத்து நின்றன.

இங்கோ? மோட்டார் கார்ச் சாலை அமைக்க முயன்ற வால்சந்த் ஹீராசந்துக்குச் சர்க்காரின் ஆதரவு கிட்டவில்லை. 1940 டிசம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் உதவியுடன் அவர் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானச் சாலையை 1942-ல் சர்க்கார் தம் வசப்படுத்திக்கொண்டனர். நாம் கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் நூறு கோடி பவுனுக்கு மேல் லண்டனில் நம் பேரில் கணக்கு எழுதப்பட்டது. கணக்கு அங்கே ஏறிற்று. அரிசி விலை இங்கே ஏறிற்று. 1943-ல் வங்காளம் பட்டினியால் மடிந்தது. சுயராஜ்யமுள்ள தேசத்தில் யுத்த உற்பத்தி கைத்தொழிலை வளர்த்தது. அடிமைத் தேசத்தில் அது கைத்தொழிலாளியைத் தேய்த்தது.

1944 ஏப்ரல் 1-ந் தேதி தென்னிந்திய ரயில்வேயைச் சர்க்கார் நேரடியாக ஏற்றனர். மறு வருஷம் யுத்தம் முடிந்தது. இரவு பகலாக உழைத்தவனுக்குக் கிடைத்த சன்மானம் ஆட்குறைப்பு என்னும் அச்சமும் வயிற்றுக்குப் போதாத சம்பளமுமே. 1946-ல் வேலை நிறுத்தம் எழுந்தது. செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் விசேஷப் போலீஸார் சுட்டதில் ஐந்து தொழிலாளர் உயிர் நீத்தனர். அப்போது சென்னை ராஜதானியை ஆண்டது அன்னிய மந்திரிசபையன்று. பிரகாசம் தலைமையிலிருந்த காங்கிரஸ் மந்திரிசபை. இதை மறைப்பது தேசபக்தியாகாது. நம்மவர் கையில் அதிகாரம் வந்தால் மட்டும் போதாது. அந்தக் கை தொழிலாளியை எப்படித் தொடுகிறது என்பதே கேள்வி.

இன்று அதே திருச்சியில் நம்முடைய சொந்தத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1960-களில் நிறுவப்பட்ட அது, 2021 அக்டோபர் 1 முதல் சர்க்கார் கம்பெனியொன்றின் அங்கமாக நடைபெறுகிறது. பொன்மலைப் பட்டறையோ தன் பழைய தர்மத்துக்கே திரும்பி, நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைப் புதிதாகவே செய்து கொடுத்திருக்கிறது. இது நாம் பெருமைப்படத்தக்கதே.

ஆயினும் ஒரு விஷயம் நினைவிலிருக்க வேண்டும். தேசத்துக்கு ஆபத்து வந்தால் எந்தப் பட்டறையும் ஆயுதச் சாலையாக மாறத்தான் வேண்டும். ஆனால் அப்படி மாற்றும் முடிவு ஜனங்களின் சம்மதத்துடன் எடுக்கப்பட வேண்டும். ஆபத்து நீங்கியபின் உழைத்தவனைத் தெருவில் நிறுத்தலாகாது. இவ்விரண்டும் இல்லாதபோது என்ன நேரும் என்பதைப் பொன்மலைச் சங்கத் திடல் அறியும். ஆளுகிறவர்கள் ஆயுதக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திடலையும் ஒரு முறை பார்ப்பார்களாக.