விடுவித்த காணிக்கும் வாடகை நிலுவை உண்டு

அரசாங்க விடுதியில் குடியிருக்கும் உத்தியோகத்தரிடம் வாடகை அறவிட விதி இருக்கிறது, சம்பளத்திலேயே கழித்துவிடுகிறார்கள். மக்களின் வீட்டிலும் தோட்டத்திலும் அரசு இருந்தால் அந்த வாடகையை யார் கணக்கிடுவது? பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை என வலிகாமம் வடக்கு எனப்படும் தெல்லிப்பழைப் பிரிவின் பெரும்பகுதி 1990இல் இடம்பெயர்ந்தது. காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. சொந்தக்காரர்கள் மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம்களில் இருந்தார்கள், அல்லது வேறொருவர் வீட்டுக்கு மாதாமாதம் வாடகை கட்டினார்கள். காணி விடுபட்டதும் கணக்கு முடிந்தது என்று சொல்வது நியாயமல்ல. பயன்படுத்திய காலத்துக்கான வாடகை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். பரப்புக் கணக்கில் அது ஒரு லட்சத்துக்கும் மேல். உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டன, ஒரு பகுதி இன்னும் படையினர் வசம். அதைச் சட்டப்படி எடுத்தாலும் உரியவருக்குப் பெரிய பாதகம் காத்திருக்கிறது. காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வெளியாகும் நாளின் சந்தைப் பெறுமதியையே அடிப்படையாக்குகிறது. 1990இல் கல்வீடும் கிணறும் வெங்காயத் தோட்டமுமாக விட்டுவந்த வளவில் இன்று அத்திவாரம்கூட இல்லையென்றால், வெறுங்காணிக்கே விலை விழும். இடைப்பட்ட ஆண்டுகளின் விளைச்சலும் வாடகையும் அந்தக் கணக்கில் எந்த நிரலிலும் வராது.

யுத்தகாலத் தேவைக்கு வாடகை கேட்கலாமா என்பார்கள். காணியைத் தற்காலிகமாகக் கையேற்று இழப்பீடு கொடுப்பதற்கென்றே 1950ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. தேவை உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அதன் செலவு முழுவதையும் சில கிராமங்களின் தலையில் மட்டும் சுமத்த அது காரணமாகாது. இத்தனை காலத்துக்குப் பிறகு கணக்கிடுவது எப்படி என்றும் கேட்கலாம். ஓர் ஆதனம் ஆண்டுக்கு என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டுத்தான் உள்ளூராட்சி சபைகள் சோலைவரி விதிக்கின்றன. அயலூர்ச் செம்மண் தோட்டத்துக்குப் பரப்புக்கு என்ன குத்தகை என்பது அங்குள்ள கமக்காரர் எல்லோருக்கும் தெரியும். வீட்டுத்திட்டம் கொடுத்தோமே என்பதும் பதிலாகாது. அது இடிந்த வீட்டுக்கு ஈடு, இழந்த ஆண்டுகளுக்கு அல்ல.

ஆகவே உறுதி, நில அளவைப் படம், பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீட்டின் படம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். எந்த நாளிலிருந்து, எந்தச் சட்டத்தின் கீழ் காணி வைத்திருக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின்படி பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுவீகரிப்பு அறிவித்தல் வந்தால் உங்கள் கோரிக்கையில் வாடகை இழப்பையும் சேர்த்தே எழுதுங்கள். அதிகாரி தள்ளினாலும் அது பதிவில் நிற்கும். தீர்மானித்த தொகை போதாவிட்டால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய 21 நாட்கள்தான் உண்டு. சீதனக் காணியென்றால் உறுதி மனைவி பெயரில் இருக்கும், வாரிசுகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். அந்த 21 நாட்களுக்குள் அற்றோணித் தத்துவம் வந்து சேராது. அதை இப்போதே எழுதுவித்து வைத்துக்கொள்ளுங்கள்.