ஏற்றிய நிரல் இயங்காதபோது



கணிப்பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் பல மாதம் உழைத்து இணையச் செயலி ஒன்றை ஆக்கியிருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி நூலகத்தில் எந்த நூல் இருக்கிறது, எது இரவல் போயிருக்கிறது என்பதை எவரும் தம் வீட்டிலிருந்தே அறிந்துகொள்ள உதவும் செயலி அது. அவருடைய மேசைமேல் உள்ள கணிப்பொறியில் அது குறைவின்றி இயங்குகிறது. அதனையே சர்வரில் ஏற்றி, எல்லோரும் காணத் திறந்துவிட்டவுடன், நூற்பெயர்கள் தோன்றவேண்டிய இடத்தில் '502' என்னும் எண் மட்டும் தோன்றுகிறது. மறுநாள் தேர்வாளர் வரவிருக்கின்றார்.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது யாது? ஓர் அமைப்பை மாற்றிப் பார்க்கின்றனர், பயனில்லை. மற்றொன்றை மாற்றுகின்றனர். சர்வரையே நிறுத்தி மீண்டும் தொடங்குகின்றனர். ஒரு மணி நேரம் இவ்வாறு கழிந்தபின், முன்பிருந்த கோளாறு எது, தாமே புதிதாகச் சேர்த்த கோளாறு எது என்று அவர்களாலேயே பிரித்தறிய இயலாமற் போய்விடுகிறது. கையை நீட்டுவதற்கு முன் கண்ணைச் செலுத்தவேண்டும் என்பதே இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட செய்தி.

முதலில், பயனர் கேட்கும் கேள்வி எவ்வழியே சென்று விடையுடன் திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. இணையப் பெயரை முகவரி எண்ணாக மாற்றுவது ஒரு நிலை. அந்த முகவரியிலுள்ள சர்வரின் வாயிலை அடைவது அடுத்த நிலை. இவ்வாயில்களுக்குப் 'போர்ட்' என்று பெயர். வாயிலில் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு மென்பொருள் நின்று, வருகின்ற வேண்டுகோளை வாங்கி, உள்ளேயிருக்கும் நம் செயலியிடம் கொடுக்கிறது. செயலி தரவுத்தளத்தைக் கேட்டு விடை பெறுகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றே: பக்கம் வரவில்லை.

ஆனால் அறுந்த கண்ணி எது என்பதைத் திரையில் தோன்றும் எண் ஓரளவு சொல்லிவிடுகிறது. 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண், வேண்டுகோளில் குறை கண்டதாகச் சர்வர் கூறுவது. 5-இல் தொடங்குவது, தன் பக்கத்துக் குறையைத் தானே ஒப்புக்கொள்வது. '404' என்றால், கேட்ட பொருள் அவ்விடத்தில் இல்லை. '500' என்றால், செயலி ஓடத் தொடங்கி நடுவில் இடறி விழுந்தது. நம் இளைஞர் கண்ட '502', வாயிலில் நிற்பவர் நலமாக இருக்கின்றார், உள்ளே இருப்பவரிடமிருந்து தக்க விடை கிடைக்கவில்லை என்று பொருள்படும். ஆகவே இணையப் பெயரையோ வெளி வாயிலையோ பழுதுபார்ப்பது வீண்வேலை. இவ்வளவையும் அம்மூன்று இலக்கங்கள் சொல்லிவிட்டன!

எண்ணே வராத வேளையும் உண்டு. அப்பொழுது மறுப்பையும் மௌனத்தையும் வேறு பிரித்து அறியவேண்டும். தொடர்பு உடனே மறுக்கப்பட்டால், சர்வர் விழித்திருக்கிறது, ஆனால் அந்த வாயிலில் செவிகொடுப்பார் எவருமிலர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நெடுநேரம் காத்தும் மறுமொழியே வராவிடில், இடையிலுள்ள தீயரண் வேண்டுகோளை விழுங்கியிருக்கலாம். அல்லது சர்வரே விழுந்திருக்கலாம். கதவைத் தட்டியவுடன் "அவர் இங்கே இல்லை" என்று குரல் வருவதும், எவ்வளவு தட்டினும் ஓசையே எழாதிருப்பதும் ஒன்றாகுமா?

அடுத்துப் பார்க்கவேண்டியது 'லாக்' எனப்படும் நிகழ்ச்சிக் குறிப்பேடு. இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய மாலுமிகள் கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து, கயிறு ஓடும் விரைவைக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கணித்தனர். கட்டைக்கு ஆங்கிலத்தில் லாக் என்று பெயர். அந்த வேகத்தைக் குறித்துவைத்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. பிறகு பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது, இன்று கணிப்பொறிக்கும் வந்துவிட்டது. செயலி தான் செய்ததையும் செய்ய முடியாமற் போனதையும் மணி, நிமிஷம், விநாடியோடு அதில் எழுதிவைக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மாணவர் மலைப்பதுண்டு. கடைசி வரியிலே கண்ணை நிறுத்திவிடுவோரும் உண்டு. அது பெரும்பாலும் விளைவேயன்றிக் காரணம் அன்று. சர்வரில் ஏற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின் எழுந்த முதற் பிழையைத் தேடுக. "கடவுச்சொல் ஏற்கப்படவில்லை", "கோப்பைத் திறக்க உரிமையில்லை", "வட்டில் இடமில்லை" என்று வெளிப்படையாகவே அங்கு எழுதியிருக்கக் காணலாம்.

"என் கணிப்பொறியில் ஓடுகிறதே!" என்று மாணவர் சொன்னால் ஆசிரியர் சிலர் சினம் கொள்வர். நான் அதனைச் சாக்கு என்று தள்ளுவதில்லை. அது பாதிச் சான்று. ஓரிடத்தில் ஓடிப் பிறிதோரிடத்தில் ஓடாவிடில், காரணம் அவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள வேற்றுமையில் இருந்தாகவேண்டும். விண்டோஸ் கணிப்பொறி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொதுவாக ஒன்றாகவே கருதும். லினக்ஸ் சர்வர் அவற்றை வெவ்வேறாகக் கருதும். ஓர் எழுத்து வேறுபட்டமையால் படமே தோன்றாதொழிந்த செயலிகள் பல. மேசைக் கணிப்பொறியில் என்றோ பதித்துவைத்த கடவுச்சொல் சர்வரில் இராது. செயலி 127.0.0.1 என்னும் முகவரியில் மட்டும் செவிகொடுக்குமாறு அமைந்திருந்தால், அதே இயந்திரத்தினுள்ளிருந்து கேட்பார்க்கு விடை கிட்டும். வெளியிலிருந்து கேட்பார்க்குக் கிட்டாது. இதனாலேயே சர்வரினுள் புகுந்து அங்கிருந்தே செயலியைக் கேட்டுப் பார்ப்பது சிறந்த சோதனையாகிறது. உள்ளே விடை வந்து வெளியே வாராவிடில், தேடவேண்டிய இடம் ஒரே அடியில் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இவையெல்லாம் கல்லூரிச் செயலிக்கு உரிய சிறு தொல்லைகள் என்று எண்ணவேண்டா. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி நகரில் நைட் காப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இருந்தது. அந்நாட்டுப் பங்குச் சந்தைகளில் நடந்த வணிகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதன் வழியாகச் சென்றது. 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தை தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்திற்காக, அந்நிறுவனத்தார் தம் எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை ஜூலை இறுதியிலிருந்து படிப்படியாக ஏற்றினர். ஏழில் ஏற்றப்பட்டது; எட்டாவதில் விடுபட்டுப் போயிற்று. இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்ற விதி அங்கு இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் ஒன்று உறங்கிக் கிடந்தது. 2003-லேயே அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் அதனை அழித்தாரில்லை. கேட்ட அளவு பங்குகள் வாங்கியாயிற்று என்று கணக்கிட்டு அதனை நிறுத்தவேண்டிய பகுதி, 2005-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அம்மாற்றத்திற்குப் பின் பழைய நிரலை எவரும் சோதித்திலர். போதாக்குறைக்கு, பழைய நிரலை எழுப்பி வந்த அதே அடையாளக் குறியையே புதிய நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தனர். ஆகவே புதிய திட்டத்திற்கென்று வந்த ஆணைகள் ஏழு சர்வர்களில் முறையாக நடந்தேற, எட்டாவதில் பழைய பூதத்தை எழுப்பிவிட்டன. நிறுத்தும் கணக்கு இல்லாமையால் அது ஓயாமல் வாங்கியும் விற்றும் கொண்டே இருந்தது.

வாடிக்கையாளர் தந்த ஆணைகள் 212. சுமார் 45 நிமிஷத்தில் நடந்தேறிய வணிகங்களோ 40 இலட்சத்துக்கும் மேல்; கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 இலட்சத்துக்கும் மேல். நட்டம் 46 கோடி டாலரைக் கடந்தது.

இதிற் கருதத்தக்கவை இரண்டு. சந்தை காலை 9.30-க்குத் திறந்தது. 8.01 முதற்கொண்டே அந்நிறுவனத்தின் கணிப்பொறி, பிழை கண்டதாகப் 'பவர் பெக்' என்ற பெயரையே குறிப்பிட்டு, 97 மின்னஞ்சல்களைப் பணியாளர்க்கு அனுப்பியிருந்தது. அபாய அறிவிப்பாக அவை வகுக்கப்படாமையால் எவரும் அவற்றைக் கருதவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட நிரலின் பெயர் இன்று காலை ஏன் வருகிறது என்று ஒருவர் வினவியிருந்தால், எழுத வேறு கதை இருந்திருக்கும்.

இரண்டாவது, அவர்கள் செய்த மருத்துவம். புதிய நிரலை ஏற்றியபின் தொல்லை வந்தது. ஆகவே புதியதே குற்றவாளி என்று கருதி, ஒரு முயற்சியாக, அதனை முறையாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கிவிட்டனர். வந்துகொண்டிருந்த ஆணைகளிலோ அந்த அடையாளக் குறி மாறவில்லை. விளைவு, ஒரு சர்வரில் ஆடிய பூதம் மற்ற ஏழிலும் எழுந்து ஆடத் தொடங்கிற்று. முந்திய நிலைக்குத் திரும்புதல் பொதுவாக நல்ல வழியே. நானும் அதனையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் இப்பொழுது எந்த நிலையில் நிற்கிறோம் என்று அறிந்தவர்க்கே திரும்பும் வழி வழியாகும். எட்டும் ஒரே நிலையில் நிற்பதாக அவர்கள் நம்பினர். எட்டும் ஒரே நிலையில் இல்லை.

வெளி முதலீட்டாளர் 40 கோடி டாலர் கொடுத்துச் சில நாளில் நிறுவனத்தைக் கைதூக்கினர். அடுத்த ஆண்டு அது கெட்கோ என்னும் நிறுவனத்தோடு இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் 1 கோடியே 20 இலட்சம் டாலர் அபராதம் விதித்தது.

எட்டுச் சர்வர்களும் ஒத்திருக்கின்றனவா என்று காண எளிய கருவி உண்டு. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணித்து, அதற்குரிய கைரேகை போன்ற ஒரு குறியைத் தரும் முறை அது. எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அக்குறி 64 எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்டது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறி முற்றும் மாறிவிடும். நிரலை ஏற்றியபின் எல்லாச் சர்வர்களிலும் இக்குறியைக் கேட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், மாறுபட்டு நிற்கும் வரி தானே கண்ணிற் படும். லினக்ஸ் சர்வரில் இதற்கு ஒரே ஓர் ஆணை போதும். சிறு கோப்பாயின் கணக்கு முடியக் கண்ணிமைக்கும் நேரங்கூட ஆகாது.