உங்களுக்குத் தெரியுமா? பன்றி: உரிப்பதா, சுரண்டுவதா?

● ஆடு, மாடுகளை அறுத்ததும் தோலை உரிப்பார்கள். வளர்ப்புப் பன்றியை மட்டும் பெரும்பாலும் வெந்நீரில் முக்கி, மயிரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலை இறைச்சியோடு விட்டுவிடுவார்கள்.

● வெந்நீரின் சூடு சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குறைந்தால் மயிர் கழலாது. கூடினால் தோல் வெந்து, மயிர் இறுகிப்போகும்.

● காட்டுப்பன்றியைப் பெரும்பாலும் உரிக்கவே செய்கிறார்கள். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில், தோலுக்கு அடியில் கேடயம்போல் ஒரு தடித்த அடுக்கு உண்டு. எதிரியின் கோரைப்பல் குத்திலிருந்து அதைக் காப்பது இதுதான். கத்திக்கும் இது எளிதில் வழிவிடாது.

● குடலை எடுக்கும் முன் ஆசனவாயைச் சுற்றி அறுத்துக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். கழிவு இறைச்சியில் பட்டால் நோய்க்கிருமி பரவும்.

● அமெரிக்காவில் திரியும் காட்டுப்பன்றிகளிடம் புரூசெல்லா என்ற பாக்டீரியா காணப்படுகிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுமாறு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வேட்டைக்காரர்களை அறிவுறுத்துகிறது.

● டிரிக்கினெல்லா என்னும் புழு தசைக்குள் ஒளிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், சந்தைக்கு வரும் காட்டுப்பன்றி இறைச்சியை இதற்காகச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். இப்புழுவின் சில வகைகள் உறைய வைத்தாலும் சாவதில்லை. உள்ளே 71 டிகிரி சூடு ஏறும்வரை சமைப்பதே பாதுகாப்பு.

● இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம்.