கணினி வாங்குமுன்

தேயிலைத் தோட்டத்துப் பெற்றோர் பிள்ளையின் படிப்புக்கு மடிக்கணினி வாங்குவது சிறு செலவன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில்தான் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது கூடியிருப்பினும், பல மாதம் மிச்சம் பிடித்தே ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ செல்லவேண்டியிருக்கிறது. அங்கே பழைய கணினியொன்றைக் காட்டி, "இது ஐ7, இதனை விஞ்சியது இல்லை" என்று கூறினால், அச்சொல்லொன்றையே நம்பிப் பணம் கொடுத்தல் தகாது.

கணினியின் உட்செயலைத் தேயிலைத் தொழிற்சாலையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மடுவத்தில் நிறுத்த கொழுந்து முதலில் வாட்டுவதற்குப் பரப்பப்படும். பின்னரே உருட்டும் இயந்திரத்தை அடையும். பரப்ப இடம் போதாவிடின், இயந்திரம் எத்துணை வேகமுடையதாயினும் காத்து நிற்கும். முறைவழியாக்கி அவ்வியந்திரத்தை ஒத்தது. வேலைக்கு வேண்டியவற்றைப் பரப்பி வைக்கும் நினைவகம் அவ்விடத்தை ஒத்தது.

4 கிகாபைட் நினைவகத்தில் இணைய வகுப்பையும் பாடக் குறிப்புகளையும் ஒருங்கே திறந்தால் கணினி திணறும். உயர்தர மாணவருக்கு 8 போதுமானது; காணொளித் தொகுப்போ பொறியியல் வரைபடமோ செய்வோருக்கு 16 நன்று.

முறைவழியாக்கியில் பெயரினும் தலைமுறையே முதன்மையானது. ஐ7-4600யூ என்பது 2013இல் வந்த நான்காம் தலைமுறை. அதில் 2 கருக்களே உண்டு. ஐ5-8250யூ என்பது 2017இல் வந்த எட்டாம் தலைமுறை. அதில் 4 கருக்கள் உண்டு. ஆகவே, பெயரில் ஏழு பெரிதாயினும் ஆற்றலில் இவ்வைந்தே பெரிது. இத்தகைய பெயர்களில் சிறுகோட்டின் பின்வரும் இலக்கம் தலைமுறையைக் காட்டும். பத்தாம் தலைமுறை முதல் ஈரிலக்கமாக வரும்.

இதனால் விளையும் பயன் வேகம் மாத்திரமன்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றுள் மிகச் சிலவற்றையே ஏற்கின்றது. ஏற்கப்படாத கணினியை வாங்குவோர் பாதுகாப்புத் திருத்தங்களை இழக்க நேரும்.

மடிக்கணினியின் முறைவழியாக்கியைப் பின்னர் மாற்றுதல் பெரும்பாலும் இயலாது. நினைவகத்தையோ, அதற்கெனத் தனி இடம் இருந்தால், பின்னர் கூட்டிக்கொள்ளலாம். சிலவற்றில் அது பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். எனவே, கைப்பணம் குறைவாயின், மாற்றவியலாத முறைவழியாக்கியை முதலில் செவ்வையாகத் தேர்தல் வேண்டும். நினைவகம் 8 கிகாபைட் உண்டா, மேலும் கூட்ட இடமுண்டா என்று அடுத்து வினவுதல் வேண்டும். கடைக்காரர் கூறும் விடையைக் கணினித் திரையிலேயே காட்டச் சொல்லிச் சரிபார்த்த பின்னர் பணம் கொடுப்பதே அறிவுடைமை.