எத்தனை அடி தள்ளி நிற்பது?

ஒளிப்படம் பழகலாம் – 9

1950 ஏப்ரல். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பகவான் ரமணர் நோய்ப் படுக்கையில் இருந்தார். தரிசனத்துக்குத் திரண்ட கூட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் இருந்தார். வயது 41. கையில் சின்ன லைக்கா கேமரா. அதன் பளபளக்கும் பாகங்கள் யார் கண்ணையும் உறுத்தக் கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டிவைப்பது அவர் வழக்கம். பெயர் ஆன்றி கார்த்தியே பிரெஸோன். ரமணரின் கடைசி நாட்களை அவர் படம் பிடித்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்த வேளையில், வானத்தில் ஓர் ஒளி மெல்ல ஊர்ந்து மலையைத் தாண்டி மறைந்ததைத் தானும் கண்டதாகச் சொன்னார். அதே மாதம் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரையும் எடுத்தார்.

இந்தத் தொடரில் அவர் வரக் காரணம் வேறு. வேறு லென்ஸ்களும் அவரிடம் இருந்தன. ஆனால் வாழ்நாளில் எடுத்த படங்களில் பெரும்பங்கு 50 மி.மீ. லென்ஸ் ஒன்றால் எடுத்தவை. அதில் ஜூம் கிடையாது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நடந்து கிட்டே போக வேண்டும்; கூட்டம் முழுவதும் வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். காலம் போகப் போக, எங்கே நின்றால் என்ன அடங்கும் என்பது கேமராவைக் கண்ணருகே தூக்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

‘எந்த லென்ஸ் வாங்கலாம்?’ என்று கேட்டால் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், யூடியூப் பத்துப் பதில் சொல்லும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்: எடுக்கப்போகும் ஆளிடமிருந்து, அல்லது பறவையிடமிருந்து, எத்தனை அடி தள்ளி நிற்கப்போகிறோம்?

லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் மி.மீ. எண்ணை ஜன்னலின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். எண் ஏற ஏற ஜன்னல் சுருங்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும். 50 என்றால் 46 டிகிரி. 85-க்கு 28, 200-க்கு 12. 400-க்கு வரும்போது வெறும் 6 டிகிரி, சாவித் துவாரம் வழியே பார்ப்பதுபோல.

இதை ஒரு மனிதரை வைத்தே அளந்து பார்க்கலாம். தலையும் தோளும் படத்தை நிறைக்க வேண்டும். 28 மி.மீ. லென்ஸ் என்றால் ஒன்றரை அடியில், அதாவது மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். 50 என்றால் ஏறக்குறைய மூன்றடி. 105 என்றால் ஆறடி. 200 என்றால் பதினோரு அடி. பேச வேண்டுமானால் குரலைச் சற்று உயர்த்த வேண்டும்.

நிற்கும் தூரம் முகத்தையே மாற்றிவிடும் என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 செ.மீ. கேமரா 30 செ.மீ. தள்ளி இருந்தால் மூக்கு 30-லும் காது 42-லும் இருக்கின்றன. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். மூக்கு உப்பிவிடும், காது ஒடுங்கிவிடும். அதே கேமராவை இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால் 200-க்கு 212. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 2018-இல் அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இதைக் கணக்கிட்டது. 5 அடியில் எடுத்த படத்தைவிட 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று அறுவை சிகிச்சை கேட்டு வருவோரைப் பார்த்த மருத்துவர்கள் செய்த ஆய்வு அது.

போனிலிருக்கும் வைட் லென்ஸின் மேல் பழி போடுவது சுலபம். குற்றவாளி தூரம்தான். வைட் லென்ஸ் நம்மைக் கிட்டே போகத் தூண்டுகிறது, அவ்வளவே.

1984 டிசம்பரில் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரத்துக்குள் நடந்த பள்ளியில் ஸ்டீவ் மெக்கரி ஓர் ஆப்கன் சிறுமியைப் படமெடுத்தார். 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்த, பச்சைக் கண்களால் உலகத்தையே நிறுத்திவைத்த அந்தப் படம் நிக்கான் எஃப்எம்2 கேமராவில், 105 மி.மீ. எஃப்/2.5 லென்ஸில் எடுத்தது. முகத்தின் அளவு குலையாத தூரம். அதே சமயம் கண்ணுக்குக் கண் பார்க்கவும் முடிகிற தூரம். முகம் எடுப்பவர்கள் 85-லிருந்து 135 வரைக்குள்ளேயே சுற்றிவருவது இதனால்தான்.

அப்படியானால் கல்யாணத்துக்கும் 85 போதுமே என்று தோன்றும். சென்னை அடுக்குமாடி வீட்டு ஹாலில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்கு 85-ஐ எடுத்துப் போனவருக்குத்தான் தெரியும், இரண்டடி பின்னால் போனதும் முதுகு சுவரில் முட்டும் என்று. கேமரா ஃபுல் ஃபிரேம் அல்லாமல் கிராப் சென்சார் கொண்டதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 85 கிட்டத்தட்ட 128 ஆகிவிடும். முகூர்த்த நேரம் வேறு கதை. மணவறையைச் சுற்றி உறவுக்காரர்கள், வீடியோக்காரர், கையில் போனுடன் பத்துப் பேர். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து 70-200 போட்டால் முதுகுகள்தான் கிடைக்கும். தொழில்முறைக்காரர்கள் தாலி கட்டுக்கு 24-70-ஐ மாட்டிக்கொண்டு மேடையோரம் இடம் பிடித்துவிடுவார்கள். இரண்டாவது பாடியில் தொங்கும் 70-200, கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அம்மாவுக்கு.

கோயில் கோபுரம், கட்டடம் எடுப்பவர்கள் முதலில் ஓடுவது வைட் லென்ஸுக்கு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்து 20 மி.மீ.-இல் எடுத்தால் விமானம் மல்லாக்கச் சாய்வதுபோல விழும். அங்கே பிராகாரம் விசாலமானது. காலுக்கு வேலை கொடுத்துத் தூரமாகப் போய் 35-லோ 50-லோ எடுத்தால் கல் நிமிர்ந்து நிற்கும். சந்துக்குள் இருக்கும் கட்டடத்துக்குத்தான் வைட் லென்ஸ் கதி. பூச்சி எடுக்க 100 மி.மீ. மேக்ரோ, அதில் முழு அளவில் எடுக்கும்போதும் பூச்சிக்கும் லென்ஸ் முனைக்கும் ஏறக்குறைய அரை அடி இருக்கும், வண்ணத்துப்பூச்சி பறந்துவிடாது.

இனி, கால் போக முடியாத இடங்கள்.

நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கடையில் கிடைத்த கேமராவால் அவருக்குத் திருப்தி இல்லை. ஒன்றின் பாடியையும் இன்னொன்றின் டெலி லென்ஸையும் சேர்த்துக் கட்டித் தானே ஒரு கருவி செய்துகொண்டார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அப்படியும் நெருங்குவதற்கு வளர்ப்பு யானையின் முதுகில் ஏறித்தான் போனார். வேடந்தாங்கலில் 600 மி.மீ. வைத்திருந்தும் ‘இன்னும் கிட்டே வரலையே’ என்று புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நிலாவுக்கு யானையும் உதவாது. பௌர்ணமியன்று போனில் எடுத்து ஏமாறாதவர் யார்? கணக்கு எளிது. லென்ஸின் மி.மீ. எண்ணை 110-ஆல் வகுத்தால் சென்சாரின் மேல் விழும் நிலாவின் அளவு வரும். 50 மி.மீ. லென்ஸில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு கடுகைவிடச் சிறிது. 600-இல் ஐந்தரை மி.மீ.

இதே கணக்கு 1968 டிசம்பர் 24 அன்று மறுபக்கத்திலிருந்து வேலை செய்தது. நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்போலோ 8 விண்கலத்தின் ஜன்னலில் பூமி எழுவதைக் கண்ட பில் ஆண்டர்ஸ், கலர் ஃபிலிம் கேட்டு வாங்கி ஹாசல்பிளாட் கேமராவில் மாட்டி எடுத்தார். லென்ஸ் 250 மி.மீ. ஃபிலிமில் பூமி விழுந்த அளவு ஏறக்குறைய 8 மி.மீ. கலத்திலிருந்த 80 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தால் அது மூன்று மி.மீ.-ஐக்கூடத் தொட்டிருக்காது, நிலவின் சாம்பல் நிறத் தரைக்கு மேலே ஒரு நீலப் பொட்டு, அவ்வளவுதான்.

தூரத்துக்கு அடுத்தது வெளிச்சம். போன வாரம் பார்த்த எஃப் எண் இங்கே திரும்ப வருகிறது. ‘பாரி லிண்டன்’ (1975) படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டுமே எடுக்க விரும்பிய ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸ்களைத் தேடிப் பிடித்தார். மொத்தம் செய்ததே பத்து. அதில் மூன்று அவருக்கு வந்தன. சாதாரண எஃப்/1.8-ஐவிட ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். விலையாகக் கொடுத்தது ஃபோகஸை: நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். விலை கூடிய எஃப்/1.2 லென்ஸ் வாங்க ஏங்குபவர்கள் இதையும் சேர்த்தே வாங்குகிறார்கள். நம் வீட்டுக் குழந்தை ஓரிடத்தில் நிற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலானோருக்கு எஃப்/1.8 தாராளம்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்குமுன் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள்; சிலந்தி நூல்போல ஏதாவது தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கேமராவோடு வந்த கிட் லென்ஸில் எடுத்த, உங்களுக்கே பிடித்த ஐம்பது படங்களைக் கணினியில் திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ஃபோக்கல் லெங்த் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 18-லேயே முட்டிக்கொண்டு நிற்கிறதா, 55-இன் கடைசியில் போய் இழுக்கிறதா? நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிற ஆள் என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணுக்குப் பக்கத்து லென்ஸை ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கடைக்குப் போங்கள். அடுத்த வாரம் ட்ரைபாட்.