சர்வர் எந்த ஊரில் இருக்கிறது?

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசம் வந்தபோது, கலெக்டராக நியமனம் பெற்ற காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், பிற்காலத்தில் சென்னை ராஜதானியின் கவர்னராக உயர்ந்த தாமஸ் மன்றோ முதலான அவருடைய உதவியாளர்களும், வயல் வயலாக நிலத்தை அளந்து, அதன் விஸ்தீரணத்தையும் அதை உழுகிற குடியானவனின் பெயரையும் கணக்கில் ஏற்றத் தொடங்கினார்கள். ரயத்வாரி முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான்.

அந்த வம்சத்தில் வந்ததே ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய 'அ' பதிவேடு. ராசிபுரத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு விளையும் ஒரு புஞ்சைத் துண்டை அதில் தேடினால், புல எண், உட்பிரிவு, மண்ணின் தரம், ஹெக்டேர் ஏர் கணக்கில் பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று கட்டம் கட்டமாக விவரம் ஓடும்.

இன்று அந்தப் பதிவேடு தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'தமிழ் நிலம்' மென்பொருளில் ஏறிவிட்டது. பட்டா நகலுக்காக ஓர் இ-சேவை மையத்தில் காத்திருந்த முதியவரிடம், கணினி முன்னிருந்த பெண் "சர்வர் வரலீங்க தாத்தா" என்றபோது, "அது எந்த ஊருல இருக்குது கண்ணு?" என்று அவர் கேட்டதையும், அந்தப் பெண்ணிடமோ என்னிடமோ அதற்கு விடை இல்லாததையும் நான் மறக்கவில்லை. அதைப் பாமரத்தனமான கேள்வி என்று எண்ணுவது பெரும் தவறு.

சர்வர் என்பது ஆகாயத்தில் மிதக்கும் வஸ்து அன்று. குளிரூட்டிய கூடத்தில், இரும்பு அடுக்கில், மின்சாரத்தையும் கேபிளையும் பேட்டரியையும் நம்பி ஓடும் யந்திரம். இணையதளத்தின் பெயர் அதன் ஸ்தலத்தைச் சொல்லாது. ஒரே யந்திரத்துக்குள் பல 'மெய்நிகர்' யந்திரங்கள் குடியிருப்பதும், அவை ஓசையின்றி வேறொரு யந்திரத்துக்கு, சில சமயம் வேறொரு நகரத்துக்கே, இடம் பெயர்வதும் இக்காலத்தில் சர்வ சாதாரணம். இப்படி இடம் தெரியாத யந்திரங்களை நம்பித்தான் அன்றாட வேலை நடக்கிறது: நாமக்கல் லாரி ஒன்றின் பதிவுச் சான்று 'வாஹன்' ஏட்டிலும், அதன் சரக்கு இ-வே பில்லிலும், சுங்கச்சாவடிப் பணம் ஃபாஸ்டேகிலும் இருக்க, மூன்றில் ஒன்று நின்றாலும் லாரி வழியில் நிற்க நேரலாம்.

எந்தச் சேவை எந்த யந்திரத்தில், எந்தக் கட்டடத்தில் ஓடுகிறது என்ற கணக்கு இல்லாவிடில் என்ன நேரும் என்பதைத் தென்கொரியா பிரத்தியட்சமாகக் காட்டியது. 2025 செப்டம்பர் 26-ல் தேஜோன் நகரத்துத் தேசியத் தகவல் வள மையத்தில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. நின்றுபோன அரசாங்கச் சேவைகள் 647 என்று முதலில் அறிவித்தவர்கள், ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கழித்து 709 என்று திருத்தினார்கள். காரணம், அந்தப் பட்டியலை வைத்திருந்த நிர்வாக ஏடே அதே மையத்தில் முடங்கிக் கிடந்ததுதான். அதை மீட்ட பிறகே உண்மையான எண்ணிக்கை வெளிவந்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' தொகுப்பின் 858 டெராபைட் தரவுக்கு வெளியிடத்தில் பிரதி இல்லை; அது எரிந்தே போயிற்று.

நெருப்பைவிட, முதல் கணக்கில் விடுபட்ட அந்த 62 சேவைகள்தான் என்னை அதிகம் கலங்கச் செய்கின்றன. நின்றுபோனவை இன்னவை என்று சொல்லவே முடியாத நிலையில், எதை முதலில் எழுப்புவது என்று எவரால் தீர்மானிக்க முடியும்?

ஆகையால் ஒவ்வொரு அலுவலகமும், மருத்துவமனையும், கூட்டுறவுச் சங்கமும் சர்வர்களுக்கு ஓர் 'அ' பதிவேடு வைத்திருத்தல் அவசியம்: சேவையின் பெயர், யந்திரம், அடுக்கு, கட்டடம், நகரம், ஒப்பந்ததாரர், பிரதி இருக்கும் ஊர், நள்ளிரவில் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி. இந்தக் கடைசிக் கட்டத்தையே நான் பிரதானமாகக் கருதுகிறேன். ஏட்டின் அச்சுப் பிரதி ஒன்று, அது வர்ணிக்கும் கட்டடத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

எழுதி வைத்த கணக்கு தானாகவே பழுதாகும் என்பதை நம் வருவாய்த்துறை நெடுங்காலமாக அறியும். ஆண்டுதோறும் ஜமாபந்தியின்போது கிராமக் கணக்குகள் தாலுகா அலுவலகத்துக்கு வந்து, மேஜைமேல் விரிக்கப்பட்டு, வரிக்கு வரி தணிக்கையாகின்றன. வயலை அளக்கும் சங்கிலியும் அன்று பார்வைக்கு வைக்கப்படுகிறது.